பன்னிரண்டு எலுமிச்சைக் கன்றுகள்

காசியம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும். அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். என் பெயர் கோகிலவாணி. கள்ளக்குறிச்சியில் இருந்த பசுங்கரை அறக்கட்டளையில் களப்பணியாளராக ஏழு வருஷம் குப்பை கொட்டியவள். விவசாயிகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், நன்றாக விளைகிற அடுத்தவர் தோட்டங்களைக் காட்டிவிட்டு, மத்தியானம் சாப்பாடு போட்டு, சாயங்காலத்துக்குள் ஊரில் இறக்கிவிடுவது எங்கள் வேலை. அதற்குக் கண்டுணர்வுச் சுற்றுலா என்று பெயர். அந்த ஏழு வருஷத்தில் கண்டு, உணர்ந்து, வீட்டுக்குப் போய் எதையாவது செய்தும் பார்த்த ஒரே ஆள் காசியம்மாள்தான். அவருக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது.

இங்கே ‘அவர்’ என்று மரியாதையாக எழுதுகிறேன். அன்றைக்கு அவரை எல்லோரும் காசி, வா, போ என்றுதான் கூப்பிட்டார்கள். நான் கொஞ்சம் படித்தவள் என்பதால் வாம்மா, போம்மா என்றேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

நிலம் இல்லாதவர் விவசாயிகள் பஸ்ஸில் எப்படி ஏறினார் என்றால், ஏற்றியது நான்தான். ஒவ்வொரு பயணத்துக்கும் சிட்டா உள்ள ஐம்பது பேரின் பெயரை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுவோம். ஆனால் நிலம் வைத்திருப்பவர்களுக்கு அடுத்தவன் தோட்டத்தைப் பார்க்க என்ன அவசரம்? பஸ் ஊருக்குள் வந்த பிறகுதான் ஒருவருக்குக் கரும்பு வெட்டு, ஒருவருக்கு வளைகாப்பு. காலி சீட்டோடு போனால் மேலே கேள்வி வரும். எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஜெயப்பிரகாஷ் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். “பேருக்கு ஒரு ஆள் ஒக்காந்தா போதும் வாணி, மூஞ்ச யாரு பாக்கப் போறா” என்பார்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்குக் கீழே உள்ள ஒரு ஊர் அது. இளவரசன் அங்கே ஆறு ஏக்கர் கரும்புக்காரர். அவர் மனைவி செந்தமிழ்ச்செல்வியின் பெயரில் தனியாக அரை ஏக்கர் உண்டு. வெறும் கல்லும் சீமைக் கருவேலமும் மண்டிக் கிடந்த மேட்டு நிலம். பெண் விவசாயி என்றால் மானியம் கிடைக்கும் என்று எங்கள் பட்டியலில் செந்தமிழ்ச்செல்வியின் பெயரைக் கொடுத்திருந்தார்கள். பஸ் போய் நின்ற காலையில் அந்த அம்மாவுக்குத் தலைவலி. இளவரசன் திரும்பிப் பார்த்தார். மாட்டுக் கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்த காசியம்மாள் கண்ணில் பட்டார்.

“காசி, கையக் கழுவிகினு பஸ்ல ஏறு. அம்மா பேருக்கு நீ போயிட்டு வா. மத்தியானம் சோறு போடுவாங்களாம்.”

காசியம்மாளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயசு இருக்கும். காலனியில் வீடு. கணவர் சின்னதுரை கரும்பு வெட்டப் போகிறவர். மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்ததால் காசியம்மாளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதுவே எனக்குச் சிக்கலாகப் போனது. வருகைப் பதிவேட்டில் செந்தமிழ்ச்செல்வி என்று கையெழுத்து விழ வேண்டும். பத்தாவது படித்தவர் பெயரில் கைநாட்டு வைக்க முடியாது. ஓடுகிற பஸ்ஸில் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

“இன்னா மேடம், இவ்ளோ நீட்டுப் பேரு! என் பேருன்னா பட்டுனு முடிஞ்சிடும்” என்று சிரித்தார். தியாகதுருகம் தாண்டுவதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார். கற்றுக்கொள்வதில் அவ்வளவு சுருக்கு.

முதல் தோட்டம் ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு பந்தல் காய்கறித் தோட்டம். அந்த விவசாயி மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். நம் ஆட்கள் மானியம் எவ்வளவு, எப்போது வரும் என்று கேட்டார்கள், பிறகு சாம்பார் சாதத்துக்கு வரிசையில் நின்றார்கள். தலையை எண்ணினால் ஒன்று குறைந்தது. தேடிக்கொண்டு போனால், காசியம்மாள் தோட்டத்தின் பின்பக்கம் குந்திக்கொண்டு அந்த வீட்டுக்கார அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“ஓரத்துல சுத்தி செண்டுமல்லி வச்சிருக்கீங்களே, பூ விக்கறதுக்கா?”

“அட நீ வேற. புழு வந்தா மொதல்ல அதுலதான் ஒக்காரும். அதுல இருக்கறப்பவே புடுங்கிப் போட்டுட்டா காய்க்கு வராது.”

மைக்கில் பேசியவர் இதைச் சொல்லவே இல்லை. சாப்பாடு ஆறுகிறதே, இங்கே என்ன செய்கிறாய் என்று நான் கடிந்துகொண்டேன். காசியம்மாள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டபடி சொன்னார்:

“முன்பக்கம் நம்மளுக்குக் காட்றதுக்கு மேடம். அவங்க பொழைக்கறது பின்பக்கத்துலதான் இருக்கும்.”

வேளாண்மைப் படிப்புக்கு நான்கு வருஷம் செலவழித்தவள் நான். எந்த வாத்தியாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் செந்தமிழ்ச்செல்வி என்றால் காசியம்மாள்தான் என்று ஆகிவிட்டது. அந்த அம்மாவும் நிம்மதியாகச் சீரியல் பார்த்தார். குழுப் புகைப்படம் எடுக்கும்போது மட்டும் நான் எச்சரிக்கையாக இருப்பேன். காசியம்மாளைப் பேனருக்குப் பின்னால் நிற்கச் சொல்வேன். எடுத்த படங்களில் அவருடைய உச்சி மட்டும் தெரியும்.

திருக்கோவிலூரில் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் வீட்டுத் தோட்டத்துக்குப் போனோம். அவர் ஓட்டைப் பானைகளை மண்ணில் கழுத்தளவு புதைத்து, ஓட்டையில் துணித்திரி செருகி, பக்கத்தில் செடி வைத்திருந்தார். பானையில் ஒரு குடம் ஊற்றினால் நாலு நாளைக்குக் கசிந்துகொண்டே இருக்குமாம். காசியம்மாள் திரியை விரலால் தொட்டுப் பார்த்தார். எந்தத் துணி, எத்தனை சுற்று, ஓட்டை எங்கே இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியருக்கே நோட்டுப் புத்தகம் இல்லாமல் பரீட்சை வைத்தார். ஊருக்கு வந்தவர் போகிப் பண்டிகை வரைக்கும் காத்திருந்து, தெருவில் தூக்கிப் போட்ட பழைய பானைகளை எல்லாம் வீடு வீடாகப் பொறுக்கினார். சாவு வீட்டுப் பானையும் இதில் கலந்திருக்குமோ என்று சின்னதுரை பயந்தார். “செடிக்கு அது தெரியுமா?” என்றாராம் காசியம்மாள்.

மூன்றாவது பயணம் கல்வராயன் மலைக்கு. வெள்ளிமலை தாண்டி, சரிவில் இருந்த ஒரு மலையாளிக் குடும்பத்தின் தோட்டம். மலையாளி என்றால் கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மிளகு, பலா, எலுமிச்சை எல்லாம் கலந்து கிடந்தது. நம் ஆட்கள் மிளகுக் கொடியோடு செல்ஃபி எடுத்தார்கள். காசியம்மாள் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டார் நிலத்திலிருந்து பொறுக்கிய கல்லை வெளியே வீசவில்லை. சரிவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு வரிசை வரிசையாக அடுக்கி இருந்தார்கள். மழைத்தண்ணீர் ஒவ்வொரு வரிசையிலும் முட்டி நின்று, கொண்டுவந்த மண்ணை இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. கல்லுக்கு மேல்பக்கம் மண் கருப்பாக, கையளவு ஆழத்துக்கு இருந்தது. எலுமிச்சைகள் அந்த மண்ணில்தான் நின்றன.

இறங்கி வரும்போது பஸ்ஸில் காசியம்மாள் ஜன்னல் வழியாகச் சரிவையே பார்த்துக்கொண்டு வந்தார். கச்சிராயபாளையம் வந்ததும் கேட்டார், “ஏன் மேடம், அம்மாவோட மேட்டு நெலத்துல கல்லுதான ஜாஸ்தி?”

மறுநாள் இளவரசனிடம் கேட்டேவிட்டார். நான் அப்போது அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அதனால் என் காதால் கேட்டேன். இளவரசன் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அந்தப் பாறையில ஆடுகூட நிக்காது. எடுத்துக்கோ போ. வெளஞ்சா மூணுல ஒரு பங்கு குடு. உன் ஒடம்புல தெம்பு இருக்கற வரைக்கும் நீயே வச்சிப் பொழச்சிக்கோ.”

செந்தமிழ்ச்செல்வியும் உள்ளேயிருந்து “ஆமா, சும்மா கெடக்கறதுக்கு” என்றார். காகிதம் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் பக்கம் இப்படிப்பட்டதற்கு யாரும் காகிதம் எழுதுவதும் இல்லை, கேட்பதும் இல்லை. கேட்டால் கொடுப்பதும் போய்விடும்.

பகலெல்லாம் கூலி வேலை. விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பிறகும் மேட்டு நிலம். சின்னதுரை கடப்பாரையால் கல்லைப் பெயர்ப்பார், காசியம்மாள் தூக்கிப் போய் அடுக்குவார். “இவ பஸ்ல போயி சோறு தின்னுட்டு வந்தா, நான் கல்லு தூக்கணுமா” என்று சின்னதுரை பார்க்கிறவர்களிடம் எல்லாம் முறையிட்டார். ஆனாலும் ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை. முதல் மழைக்கு இரண்டு வரிசை சரிந்தது. மலைக்காரர்கள் பெரிய கல்லை அடியில் வைத்து உள்பக்கமாகச் சாய்த்து அடுக்கியதைத் தான் சரியாகப் பார்க்காமல் விட்டதாகத் தன்னையே திட்டிக்கொண்டார் காசியம்மாள். மறுபடி அடுக்கினார். அடுத்த மழைக்கு மண் நின்றது.

இரண்டாம் வருஷம் கத்தரி. மூன்றாம் வருஷம் பாகல். வெட்டிய சீமைக் கருவேல மரத்தையே பந்தல்காலாக நட்டு, கேபிள்காரர்கள் விட்டுப்போன பழைய ஒயரை இழுத்துக் கட்டி இருந்தார். சுற்றிலும் செண்டுமல்லி. செடிக்குச் செடி பானை. கச்சிராயபாளையம் வியாபாரிகள் நிலத்துக்கே வந்து காய் எடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெற்றிக் கதை என்று ஒரு அறிக்கை எழுதினேன். ‘தரிசைப் பொன்னாக்கிய செந்தமிழ்ச்செல்வி’ என்று தலைப்பு. படத்துக்காக அந்த அம்மா பட்டுப்புடவை கட்டி வந்து இரண்டு கையிலும் பாகற்காயைப் பிடித்துக்கொண்டு நின்றார். காசியம்மாள் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு, “அம்மா கையில பாவக்கா நல்லாதான் இருக்குது” என்றார். கிண்டலா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். “கத்திரி, பாவக்கா எல்லாம் நான் குனிஞ்சி நிமுந்தாதான் மேடம் சோறு போடும். இன்னும் அஞ்சு வருசம் போனா இடுப்பு கேக்காது. மலையில பாத்தமே எலுமிச்ச, அது மாதிரி நாலு நின்னுட்டா போதும். நானும் அந்த ஆளும் ஒக்காந்துகினே பொறுக்கித் தின்னலாம்.”

யாரிடமும் கை நீட்டாமல் வயசாக வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

அந்த வருஷம் எங்கள் திட்டத்தில் பதியம் போட்ட எலுமிச்சைக் கன்றுகள் வந்தன. செந்தமிழ்ச்செல்வி பெயருக்குப் பன்னிரண்டு. என் ஸ்கூட்டியிலேயே இரண்டு நடையாகக் கொண்டுபோய் இறக்கினேன். சின்னதுரையின் முகம் மாறிவிட்டது.

“மரமா? அடுத்தவன் நெலத்துல மரமா? வாணாம்டி.”

“அவருதான வச்சிப் பொழச்சிக்கோன்னாரு? மேடமும் கேட்டாங்களே.”

“ஆமா, ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல?” என்றேன்.

சின்னதுரை பயந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கம் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கோ, குத்தகைக்கோ நிலம் விடுகிறவர்கள், மணிலாக் கடலை போடு, மரவள்ளி போடு, என்ன வேண்டுமானாலும் போடு என்பார்கள். மரம் மட்டும் வைக்க விடமாட்டார்கள். பயிர் ஒரு பருவத்தில் போய்விடும். மரம் நிற்கும். மரம் நின்றால் அதை வைத்தவனும் நிலத்தில் நிற்பான், நாளைக்கு எனக்கும் பாத்தியதை உண்டு என்பான். இந்தப் பயம் நிலம் உள்ளவர்களுக்கும் தெரியும், இல்லாதவர்களுக்கும் தெரியும். காசியம்மாளுக்கும் தெரியாமல் இல்லை. நான் கொண்டுவந்த கன்று, நான் சொன்ன வார்த்தை, அதை நம்பினார். கள்ளக்குறிச்சி டவுனில் வாடகை வீட்டில் வளர்ந்த எனக்கு அதன் கனம் தெரியவில்லை.

இளவரசன் ஏன் அப்போதே தடுக்கவில்லை என்று கேட்கலாம். அவர் அந்த மேட்டுக்கு ஏறிப் பார்த்ததே இல்லை. அறக்கட்டளைக்காரர்கள் தன் மனைவி பெயரில் கொடுத்த கன்று, கூலிக்காரி நட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பானை புதைத்து, மூன்று கோடை தண்ணீர் சுமந்து ஊற்றினார் காசியம்மாள். பன்னிரண்டும் பிழைத்தன. மூன்றாம் வருஷம் காய்த்தது. முதல் காய்களைக் காலனி மாரியம்மனுக்கு மாலை கட்டிப் போட்டார். அடுத்ததைக் கூடையில் கொண்டுபோய் விற்றார். நல்ல சாறு. ஜனங்கள் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். டீக்கடையில் யாரோ இளவரசனிடமே, “காசியம்மா மரத்து எலுமிச்ச இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டார்கள்.

அந்த ஒரு கேள்விதான். அன்று சாயங்காலமே மேட்டில் ஏறி வந்துவிட்டார்.

“யாரு மரம்டி இது?”

“நான் வச்சதுங்க.”

“யாரு நெலத்துல?”

காசியம்மாள் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார்.

“இந்தப் பாவக்கா முடிஞ்சதும் எறங்கிக்கோ. கூலிக்கு வா, வேணாங்கல.”

காசியம்மாள் டவுன் பஸ் பிடித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்காரச் சொன்னால் உட்காராமல் நின்றார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறாராம். விசாரணைக்கு ஆள் வருவார்களாம்.

“காலனி ஜனங்க யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க மேடம். எல்லாருக்கும் அவரு கரும்புலதான் வேல. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும். வச்சிக்கோன்னு அவரு சொன்னத நீங்க கேட்டீங்க. ஊர் ஊராப் போயிப் பாத்துக் கத்துகினு வந்தது நான்னும் ஒங்குளுக்குத் தெரியும்.”

“கண்டிப்பா வர்றேன் காசியம்மா” என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் வருவதாகத்தான் இருந்தேன்.

அவர் போனதும் ஜெயப்பிரகாஷ் கதவைச் சாத்தினார். “நீ உண்மையச் சொல்லு, தப்பில்ல. ஆனா பஸ்ல போனது காசியம்மான்னா, பதிவேட்டுல இருக்கற கையெழுத்து யாருது? அத போட வச்சது யாரு? இந்த ஒரு பேரோட நின்னுடுமா?” என்றார். பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் அப்படித்தான். யார் யாருடைய பெயரிலோ யார் யாரோ போயிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் திட்டம் போகும், சம்பளம் போகும், என் மேலேயே வழக்கு வரலாம். என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இதை எல்லாம் காரணமாக எழுதும்போதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் வந்தார். நல்ல மனுஷர்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. எலுமிச்சை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இளவரசன் சிட்டாவைக் காட்டினார். பிறகு எங்கள் பதிவேட்டின் நகல், வெற்றிக் கதை, பட்டுப்புடவைப் படம். ஐந்து வருஷமாகத் தன் மனைவிதான் ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி எடுத்து இந்தத் தோட்டத்தைப் போட்டதாகவும், காசி கூலிக்கு வேலை பார்த்ததாகவும் சொன்னார். செந்தமிழ்ச்செல்வி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“அது நாந்தாங்க சார்” என்றார் காசியம்மாள். “அம்மா பேரு போட்டிருக்கும், போனது நானு. கையெழுத்தும் என்னுதுதான். வேணும்னா எழுதிக் காட்றேன்.”

இளவரசன் அதற்காகவே காத்திருந்தவர் போலக் கையைத் தட்டினார். “கேட்டீங்களா சார்? எம் பொண்டாட்டி கையெழுத்தப் போடக் கத்துகினு இருக்கா. நாளைக்குப் பத்திரத்துலயும் போடுவா!”

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்கதான அந்தத் திட்டத்துல இருக்கறவங்க? யார் வந்தாங்க?”

நான் எலுமிச்சை மரத்தைப் பார்த்தேன். அடிமரத்தில் மண் ஈரமாக இருந்தது. அன்று காலையிலும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

“பதிவேட்டுல இருக்கறபடிதான் சார்” என்றேன்.

“நெலத்த இவங்களுக்கு வாரத்துக்கு விட்டது உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியாதுங்க சார்.”

முதல் பதிலுக்காவது வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. இரண்டாவதற்கு அதுகூட இல்லை. ஒரு பொய் சொன்ன பிறகு அடுத்தது தானாக வந்துவிட்டது. ஆய்வாளர் காகிதத்தில் எழுதிக்கொண்டு, ஆதாரம் இருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று காசியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

காசியம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சின்னதுரைதான் என் ஸ்கூட்டி பக்கத்தில் வந்து நின்று, “இன்னா மேடம், இந்த வண்டியிலதான கன்னு கொண்டாந்தீங்க?” என்று கேட்டார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

அடுத்த மாதமே காசியம்மாள் அதே நிலத்துக்குக் கூலிக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ரோஷம் இல்லையா என்று ஊரில் பேசினார்களாம். “வேற எங்க போறது? கண்டவ கையில குடுத்தா கன்னு காஞ்சிடும்” என்றாராம்.

நானும் அந்த வேலையில்தான் இருந்தேன், திட்டம் முடிகிற வரைக்கும். மனசாட்சி உறுத்தி விலகினேன் என்று எழுத ஆசைதான், ஆனால் நடக்காததை எப்படி எழுதுவது? கடைசி வருஷம், சுற்றுலாவுக்கு எந்தத் தோட்டம் காட்டலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது ஜெயப்பிரகாஷ் செந்தமிழ்ச்செல்வியின் தோட்டத்தைச் சொன்னார். கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

பஸ் போய் நின்றது. சின்னசேலம் பக்கத்திலிருந்து வந்த ஐம்பது பேர். செந்தமிழ்ச்செல்வி மைக்கைப் பிடித்தார். இரண்டு நிமிஷம் பேசினார். ஒருவர், கல்லை ஏன் இப்படிக் குறுக்கே அடுக்கி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்த அம்மா கணவரைப் பார்த்தார், கணவர் என்னைப் பார்த்தார். பிறகு களை எடுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து காசியம்மாளைக் கூப்பிட்டார்கள். “எங்க ஆளுதான், எல்லாம் கத்துக் குடுத்திருக்கோம்” என்றார் இளவரசன்.

காசியம்மாள் வந்து சொன்னார். தண்ணீர் எந்தப் பக்கம் வரும், பெரிய கல் ஏன் அடியில், திரிக்கு எந்தத் துணி என்று ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு வார்த்தையும் அதிகமாகச் சொல்லவில்லை. நான் எழுதிக்கொள்வது போல நோட்டில் குனிந்திருந்தேன். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். காசியம்மாள் மறுபடி களைக்குப் போய் உட்கார்ந்தார்.

நான் அவர் பக்கம் நடந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கா, சும்மாவா என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு முன்னால் வேறு ஒருவர் அங்கே போயிருந்தார். பஸ்ஸில் வந்தவர்களில் ஒரு அம்மா, காசியம்மாள் வயசுதான் இருக்கும். சாப்பிடப் போகாமல் கல் வரிசைக்குப் பக்கத்தில் குந்தி, மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. விரலிடுக்குகளில் களை பிடுங்கிய கறை.

“மரத்துக்கு எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்துவீங்க?” என்று கேட்டார் அந்த அம்மா.

காசியம்மாள் அவரையும் அவர் கையையும் பார்த்தார்.

“நீ பயிர் போட்டிருக்கறது யாரு நெலம்?”

அந்த அம்மா என்னைப் பார்த்து மிரண்டார். பிறகு மெதுவாக, “எங்க பண்ணக்காரருதுங்க. சும்மா கெடந்துச்சி, வச்சிக்கோன்னாரு” என்றார்.

“மரம் வச்சிட்டியா?”

“போன மழைக்கு வச்சேங்க. பதினாறு கொய்யா. நல்லாக் கெளம்பிக்கினு வருது.”

“காய்ச்சிடுச்சா?”

“இன்னும் இல்லீங்க.”

காசியம்மாள் களைக்கொத்தைக் கீழே வைத்தார். நான் நிற்பது தெரிந்தும் என் பக்கம் திரும்பவில்லை.

“அப்ப வூட்டுக்குப் போனதும் புடுங்கிப் போட்டுடு. காய்ச்சிட்டா அப்பறம் மனசு வராது.”